சீட்டுக்காகப் பேசியதைச் சாட்சியாக்கினேன்

ஒரு பைசா கை நீட்டி வாங்காத ஒருவரின் பணிப்பதிவேட்டில் "நேர்மை ஐயத்திற்குரியது" என்று ஏற வைத்தவன் நான். அவர் வாங்காதவர் என்பது அறிக்கையை எழுதும்போதே எனக்குத் தெரியும். அவர் என் நண்பர். தெரிந்தே எழுதினேன்.

போன மாதம் எங்கள் ஓய்வுபெற்ற பொறியாளர் சங்கத்தின் செயலாளர் போன் செய்தார். "சார், கேஜெல்லாம் இப்ப சென்சார் ஆயிடுச்சு. அதுவே அளவெடுத்து அனுப்பிடுது. அந்தக் காலத்துல நீங்கள்லாம் எப்படி வேலை பாத்தீங்கன்னு சங்க மலருக்கு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க. புதுசா வந்த பசங்க கேக்கறாங்க. கொஞ்சம் சுவாரசியமா இருக்கட்டும்" என்றார். பழைய மலர்களை எடுத்துப் புரட்டினேன். எல்லாரும் வெள்ளத்தில் கரையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். எல்லாரும் அமைச்சரின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர்கூட ஒரு தப்பும் செய்யவில்லை. அப்படியென்றால் கடைமடையில் வருடா வருடம் பயிர் காய்ந்தது யாரால்? படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. சரி, சுவாரசியமாகவே எழுதுகிறேன்.

படிப்பு முடிந்ததும் கல்லணைக் கால்வாயில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் வாய்க்கால் கரைகளிலேயே இளமை போயிற்று. கேஜ் என்பது மதகுச் சுவரில் பதித்த அளவுகோல். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பார்க்க வேண்டும். காற்றடித்தால் தண்ணீர் ஏறி இறங்கும். மூன்று முறை பார்த்து நடு அளவை எழுத வேண்டும். பாசி மூடியிருந்தால் இறங்கித் துடைக்க வேண்டும். பதிவேட்டில் எழுதிய எண்ணை அடித்துத் திருத்தக் கூடாது. யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்பதை அந்த எண்களை வைத்துத்தான் மேலே முடிவு செய்வார்கள். இனி பொய் எழுத முடியாது, சென்சார் வந்துவிட்டது என்று நம்பும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் பொய்யை நான் கேஜ் பதிவேட்டில் எழுதவில்லை. பகல் இரண்டு மணிக்கு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, நல்ல தமிழில், விசாரணை அறிக்கையில் எழுதினேன். அதைப் பிடிக்க எந்தக் கருவியும் கிடையாது.

அப்போது நான் செயற்பொறியாளர், தஞ்சாவூரில் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் நான்கு பேர் ஹமீது பாயின் ஜெராக்ஸ் கடையில் கூடுவோம். ஒரு கல்லூரிப் பேராசிரியருக்காகத் தத்துவப் புத்தகம் ஒன்றை நகலெடுக்கும்போது, பக்கம் பக்கமாகப் படித்துப் பார்த்து அதில் மாட்டிக்கொண்டவர் பாய். விமலா டீச்சர் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தியவர். நான்காவது ஆள் மாசிலாமணி. என் கீழ் உதவிப் பொறியாளர்; என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவரை அங்கே அழைத்துப் போனதே நான்தான்.

பாய் வாரத்துக்கு ஒரு அத்தியாயம் நகலெடுத்து வைப்பார். படித்துவிட்டு வந்து பேசுவோம்.

"நாப்பது பக்கம் எடுத்திருக்கேன்" என்பார் பாய். "நாப்பதுலயும் எழுதினவரு 'எனக்குத் தெரியலை'ங்கறதையே சொல்றாரு. இதைப் போஸ்ட் கார்டுல எழுதியிருக்கலாம்ல?"

"தெரியலைங்கறதுக்குத்தான் பாய் நாப்பது பக்கம் வேணும். தெரியும்னா ரெண்டு வரி போதும். எங்க ஹெட்மாஸ்டர் சர்க்குலரைப் பாருங்க" என்பார் டீச்சர்.

முதல் வருடம் அவரவர் கருத்தை அவரவர் பேசினோம். டீச்சருக்கு அலுத்துப்போயிற்று. "நாலு பேரும் போன மாசம் சொன்னதையே சொல்றோம். இதுக்கு நான் ஸ்டாஃப் ரூம்லயே உக்காந்திருப்பேனே" என்று ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். வாரம் ஒரு கேள்வி. இரண்டு சீட்டில் 'ஆம்', இரண்டு சீட்டில் 'இல்லை' என்று எழுதி, காலி டோனர் டப்பாவில் போட்டுக் குலுக்குவது. எந்தச் சீட்டு வருகிறதோ அந்தக் கட்சியை முழு பலத்தோடு பேச வேண்டும், நம்பினாலும் நம்பாவிட்டாலும். ஒரே ஒரு விதி: சீட்டுக்காகப் பேசியது அந்த அறையோடு சரி. அதை வெளியில் யாரும் யார் மேலும் வைத்துப் பேசக் கூடாது. நான்கு பேரும் ஒப்புக்கொண்டோம்.

ஒரு வாரக் கேள்வி, "நன்மை செய்தவன் கைம்மாறு வாங்கலாமா?" மாசிலாமணிக்கு 'ஆம்' வந்தது. அன்று அவர் பேசியது எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

"ஒருத்தருக்கு நல்லது பண்றோம். அவரு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டாந்து நீட்டறாரு. நாம வேணாங்கறோம். அப்ப என்ன சொல்றோம்? நான் கொடுக்கறவன், நீ எப்பவும் வாங்கறவன், அப்படியே இருங்கறோம். அதைவிடப் பெரிய திமிர் என்ன இருக்கு? வாங்கிக்கிட்டா ரெண்டு பேரும் சமம். வாங்கறதுல தப்பில்லை டீச்சர், வாங்காததுலதான் தப்பு."

"அப்ப நாளைக்குப் பத்து ரூபாய்க்கு மதகு ஷட்டரைத் தொறந்து விடுவீங்களா?" என்றார் டீச்சர்.

"பத்து ரூபான்னா கேவலமா இருக்கு. கொஞ்சம் ஏத்திச் சொல்லுங்க."

பாய் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. எல்லாம் முடிந்து எழுந்தபோது மாசிலாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்பாடா, சீட்டு முடிஞ்சுது. போன வாரம் கரையில ஒருத்தர் எளநி வெட்டி நீட்டினாரு. வேணாம்னுட்டு வந்தேன். தாகத்துல நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு." இதையும் நான் கேட்டேன். இதுவும் எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

இன்னொரு வாரம், "மேலதிகாரி தவறாகச் சொன்னாலும் கீழ்ப்படிய வேண்டுமா?" அவருக்கு 'ஆம்', எனக்கு 'இல்லை'. மறுப்பதே கடமை என்று வீராவேசமாகப் பேசினேன். மாசிலாமணி அமைதியாகக் கேட்டுவிட்டு, "சாரையே எடுத்துக்குங்க. முப்பத்தஞ்சு வருஷமா ஒரு தடவையும் மறுத்ததில்லை. என்ன கெட்டுப்போச்சு? கால்வாய் ஓடுது, சாருக்குப் பிரமோஷன் வரப்போவுது. இதைவிடச் சாட்சி வேணுமா?" என்றார். டீச்சர் கைதட்டினார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்தேன். அவர் சீட்டுக்காகப் பேசினார் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இத்தனைக்கும் மனத்தை அடக்குவது பற்றி அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். என் படிப்பைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்ட வேண்டும்.

அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் குறைவு. முறை வைத்துத் தண்ணீர் விட்டோம்: வாய்க்கால் தொடங்கும் தலைமடை ஊர்களுக்கு ஆறு நாள், முடியும் கடைமடை ஊர்களுக்கு ஆறு நாள். மாசிலாமணி பொறுப்பில் இருந்த கிளை வாய்க்காலின் தலைமடையில் இருந்தது என் சொந்த ஊர். கடைமடையில் பயிர் தொண்டைக் கதிரில் நின்றது. கதிர் வெளியே வர இருக்கும் அந்தச் சமயத்தில் தண்ணீர் இல்லையென்றால் பதர்தான். கடைமடையின் முறை வந்தது. ஆனால் மேலே எங்கள் ஊர்க்காரர்கள் வாய்க்காலின் குறுக்கே மணல் மூட்டை போட்டுத் தண்ணீரை மடக்கிக்கொண்டார்கள். ஆறு நாளும் கடைமடைக்குப் போனது வாய்க்கால் தரை நனைகிற ஈரம் மட்டும். மாசிலாமணி மூட்டைகளை எடுக்க வைத்தார். அதற்குள் முறை முடிந்துவிட்டது. அவர் ஷட்டரை இறக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் கடைமடைக்குத் திறந்து வைத்திருந்தார். பதிவேட்டில், விதிப்படி இறக்கிவிட்டதுபோல அளவு எழுதினார். மதகுக் காவலாளியை எழுத விடாமல் தன் கையாலேயே எழுதினார், பழி அவன்மேல் விழக் கூடாது என்று. அவர் குடும்பத்துக்கு அந்த வாய்க்காலில் ஒரு குழி நிலம் கிடையாது. பயிர் பிழைத்தது.

எங்கள் ஊரிலிருந்து நாற்பத்திரண்டு கையெழுத்தோடு மனு போயிற்று. எழுதியவன் என் சித்தப்பா மகன் வைத்தி. முறை தவறித் திறந்தார், பொய் அளவு எழுதினார் என்ற இரண்டோடு, கடைமடைக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு செய்தார் என்று மூன்றாவதாகவும் ஒன்றைச் சேர்த்திருந்தான். அந்த மூன்றாவது அவன் கற்பனை.

விசாரணை அலுவலராக என்னைப் போட்டார்கள். மாசிலாமணி என் நண்பர் என்றோ, மனு கொடுத்தவன் என் உறவு என்றோ நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றே வேறு ஆளைப் போட்டிருப்பார்கள்.

என் மேலதிகாரி, அப்போதைய கண்காணிப்புப் பொறியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வாயால் உத்தரவு போடமாட்டார். பேனாவும் தொடமாட்டார். மேசைமேல் எப்போதும் கூராகச் சீவிய ஒரு பென்சில், பக்கத்தில் ஒரு ரப்பர். கோப்பை நம் பக்கம் தள்ளும்போது தேவையான இடத்தில் கடுகளவு ஒரு புள்ளி இருக்கும். பிறகு நம் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். வேலை முடிந்து கோப்பு திரும்பியதும் புள்ளியை அழித்துவிட்டு, ரப்பர் தூளை ஊதுவார். அவர் எதையும் சொன்னதாக எந்தக் காகிதத்திலும் இருக்காது. மாசிலாமணியின் கோப்பில் புள்ளி மூன்றாவது குற்றச்சாட்டின்மேல் இருந்தது. "உங்க பிரமோஷன் பேனல் அடுத்த மாசம்தானே?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

விசாரணை மூன்று நாள் நடந்தது. மாசிலாமணி என்னை ஒருமுறைகூட நண்பராகப் பார்க்கவில்லை. கேள்விக்கு மட்டும் பதில்.

"தொறந்தேன். நான்தான் எழுதினேன். காவலாளிக்கு ஒண்ணும் தெரியாது."

"பணம் வாங்கினீர்களா?"

"இல்லை."

கடைமடையிலிருந்து நான்கு விவசாயிகள் வந்தார்கள். யாரும் கொடுக்கவில்லை என்றார்கள். ஒரு தார் வாழையைக் கொண்டுபோய்த் திருப்பி வாங்கிவந்த கதையை ஒருவர் வெட்கத்தோடு சொன்னார். எல்லாரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசி நாள் எழுந்து போகும்போது மாசிலாமணி தயங்கி, "சார், ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தார். "அதெல்லாம் இப்ப வேணாம்" என்று வெட்டினேன். அறிக்கை போகும்வரை தான் கடைக்கு வரப்போவதில்லை, எனக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தாராம். பிறகு பாய் சொல்லித் தெரிந்தது.

மூன்றாவது குற்றச்சாட்டுக்கு எதிரே 'நிரூபிக்கப்படவில்லை' என்று எழுதியிருக்க வேண்டும். நான் இப்படி எழுதினேன்: "நேரடிச் சாட்சி இல்லை. ஆயினும், பயன் பெற்றவர்களிடம் கைம்மாறு வாங்குவதில் தவறில்லை, வாங்காததே தவறு என்னும் கருத்துடையவர் இவர் என்பது விசாரணையில் தெரியவந்தது. எனவே இவரது நேர்மை ஐயத்திற்குரியது."

விசாரணையில் தெரியவரவில்லை. ஜெராக்ஸ் கடையில் தெரியவந்தது. அதுவும் அவர் கருத்து இல்லை, டோனர் டப்பாவிலிருந்து வந்த சீட்டு. வைத்திக்காக எழுதினேன், பதவி உயர்வுக்காக எழுதினேன் என்று வருடக்கணக்கில் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி. அந்த வரியை எழுதி முடித்தபோது, டீச்சரின் கைதட்டல் காதில் விழுந்து, இப்போது சிரி பார்க்கலாம் என்று மாசிலாமணியைக் கேட்கத் தோன்றியது. அதுதான் மீதிப் பாதி.

அவருக்கு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள், பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், மாவட்டம் விட்டு மாற்றினார்கள். நான் கண்காணிப்புப் பொறியாளர் ஆனேன்.

அறிக்கை நகலை மாசிலாமணி பாய் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார். பாய்க்குத்தான் எடுக்கிற எதையும் படிக்கிற வழக்கம் உண்டே. அடுத்த ஞாயிறு நான் போனபோது கதவு முழுதாக இறக்கியிருந்தது. வெளியே பாயும் டீச்சரும் நின்றிருந்தார்கள்.

"ஏன் பாய், இன்னிக்கு இல்லையா?"

"இல்லை இன்ஜினீயர் சார். இனிமே இல்லை."

நான் ஏதோ விளக்கப் பார்த்தேன். டீச்சர் விடவில்லை. "மாசிலாமணி ரெண்டு நாள் பொய் எழுதினாரு. கேட்டதும் ஆமான்னாரு. நீங்க ஒரு வரி எழுதியிருக்கீங்க. அதுக்கு ஆமான்னு சொல்ல உங்களுக்கு எத்தனை வருஷம் ஆகும்னு பாக்கறேன்."

பதினைந்து வருடம் ஆயிற்று. போன வருடம் கடைத்தெருவில் பாயைப் பார்த்தேன். மாசிலாமணி ஓய்வுபெற்றுவிட்டார், அதே உதவிப் பொறியாளராகவே, என்றார். வீட்டுக்கு வந்து துறைக்குக் கடிதம் எழுதினேன். என் அறிக்கையின் அந்த வரி பொய், எனக்குத் தெரிந்தே எழுதியது என்று. முடிந்துபோன கோப்பை ஓய்வுபெற்ற அலுவலரின் கடிதத்தின்பேரில் திறக்க இயலாது என்று மூன்று வரியில் பதில் வந்தது. பாதிக்கப்பட்டவரே மறுஆய்வு மனு கொடுத்தால் பார்க்கலாமாம்.

மனுவை நானே தயாரித்துக்கொண்டு பட்டுக்கோட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றார். மாசிலாமணி மனுவை முழுதாகப் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா யாருக்கு சார் நிம்மதி?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த வார்த்தை அந்த அறையில் எவ்வளவு மலிவாக விழுந்தது என்பதை எனக்கே கேட்க முடிந்தது.

"அந்தக் கடைமடை ஊர்ல பயிர் பொழச்சுது சார். ஆனா என் தண்டனை ஆர்டர் வந்தப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? நான் கொடுக்கலை, அப்ப பக்கத்து வயக்காரன் கொடுத்திருப்பான்னு ஒவ்வொருத்தனும் நெனச்சான். யார் கொடுத்தது, யார் வசூல் பண்ணதுன்னு அடிதடி ஆயிடுச்சு. நான் இன்னிக்கும் அந்த ஊர் வழியாத்தான் பஸ்ல போறேன். எறங்கறதில்லை."

"நான் அந்த ஊருக்கு வந்து சொல்றேன், மாசிலாமணி."

"அங்க வேணாம். உங்க ஊர்ல போய்ச் சொல்லுங்க. மனு அங்கேர்ந்துதானே வந்துது. தலைமடையில சொன்னா கடைமடைக்கு வந்து சேந்துடும். தண்ணிதான் சார் வராது, பேச்சு வந்துடும்."

அவர் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தார். "போவாரான்னு பாப்போம்" என்றார், என்னைப் பார்க்காமல்.

இந்த ஆனியில், தண்ணீர் திறப்பதற்கு முன் எங்கள் ஊர்ப் பாசனக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். அவர்களுக்கு அன்றும் இன்றும் தலைவர் வைத்திதான். பேச அனுமதி கேட்டேன். பெரிய அதிகாரியாக இருந்தவர், வாழ்த்திப் பேசுவார் என்று நினைத்து மைக்கைக் கொடுத்தார்கள். இங்கே எழுதியதை அங்கே சொன்னேன். மணல் மூட்டையையும் சொன்னேன்.

"அண்ணே, தண்ணி வர்ற நேரத்துல இதெல்லாம் எதுக்கு?" என்றான் வைத்தி.

"பணம் வாங்கினாருன்னு நீ எழுதினது பொய்தானே, வைத்தி?"

"வயசாயிடுச்சுண்ணே உனக்கு. டேய், மைக்கை வாங்குங்கடா."

மைக் போனபிறகும் சத்தமாகவே பேசினேன். மனு பொய், மாசிலாமணி பணம் வாங்கவில்லை என்று எழுதிய காகிதத்தை மேசைமேல் வைத்தேன். அன்று கையெழுத்துப் போட்டவர்கள் இதிலும் போடுங்கள் என்றேன். நாற்பத்திரண்டு பேரில் பாதிப் பேர் இப்போது இல்லை. இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் மேசையைக் குத்தினேன். அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். எந்தத் தகுதியும் இல்லை. ஆனாலும் வந்தது. கடைசியில், எண்பதை நெருங்கிய தங்கவேலு என்ற பெரியவர் எழுந்து வந்தார். "வைத்தி நீட்டினான், போட்டேன். என்ன எழுதியிருக்குன்னு படிக்கலை. இதையாவது படிங்க, கேட்டுட்டுப் போடறேன்" என்றார். படித்தேன். போட்டார். அவருக்குப் பின்னால் ஆறு பேர் வந்தார்கள். அதற்குமேல் யாரும் வரவில்லை. வைத்தி அடுத்த வாரமே பேத்தி கல்யாணப் பத்திரிகையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டான்.

கூட்டம் நடந்த அன்று பிற்பகலே மாசிலாமணிக்குப் போன் செய்தேன்.

"போனீங்களாமே" என்றார். பேச்சு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

"ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"ஏழு பேரா." பிறகு, "படிங்க" என்றார்.

முதல் பெயர் தங்கவேலுவுடையது. அதிலேயே நிறுத்தினார்.

"எந்தத் தங்கவேலு? மேலத் தெருவா?"

"ஆமா. மேலத் தெருதான்."

"எங்க அப்பா அவங்க வயல்லதான் சார் வேலை பாத்தாரு. இருபது வருஷம்."

எனக்குத் தெரியாது. 'நான்' என்று ஒன்று உண்டா என்பது பற்றி அவரோடு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறேன். உங்கள் அப்பா எங்கே வேலை பார்த்தார் என்று ஒருமுறை கேட்டதில்லை. அவர் எங்கள் ஊர் வயலில் கூலிக்கு உழைத்தவரின் பிள்ளை.

"மீதியையும் படிங்க" என்றார்.

ஒவ்வொரு பெயராக, தகப்பன் பெயரோடு படித்தேன். ஏழாவது பெயரைப் படித்துவிட்டுக் காத்திருந்தேன். இணைப்பு எப்போதோ அறுந்திருந்தது. எந்தப் பெயரில் அவர் போனை வைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை.